செவில்யா 1982, மேற்கு ஜெர்மனி – பிரான்ஸ்: ஷூமாக்கருக்கு அப்பாலும் இந்த ஆட்டத்தைப் பேசுவோமா?

லிபரோ:

இந்த உலகக் கோப்பை அரையிறுதியைப் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும், ஜெர்மன் கோல்கீப்பர் ஷூமாக்கர் பிரெஞ்சு வீரர் பத்திஸ்தோன் முகத்தில் மோதியதில் இரண்டே நிமிடத்தில் போய் நின்றுவிடுகிறது. அது மன்னிக்க முடியாத செயல்தான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்த மோதலோடு ஆட்டம் முடிந்துவிடவில்லை. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஆடினார்கள், நான்கு கோல்கள் விழுந்தன, உலகக் கோப்பை இறுதிச் சுற்றுகளின் வரலாற்றிலேயே முதல் பெனால்டி ஷூட்அவுட் நடந்தது. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக. 1982 ஜூலை 8, செவில்யா நகரின் ரமோன் சான்செஸ் பிஸ்ஹுவான் மைதானம். 17-வது நிமிடம் லிட்பார்ஸ்கி, ஜெர்மனி 1-0. 26-வது நிமிடம் பெனால்டி, பிளாட்டினி, 1-1. தொண்ணூறு நிமிடம் அப்படியே முடிந்தது. கூடுதல் நேரத்தில் 92-ல் ட்ரெசோர், 98-ல் ஜிரெஸ், பிரான்ஸ் 3-1. பிறகு 102-ல் ரூமெனிகெ, 108-ல் ஃபிஷர், 3-3. ஷூட்அவுட்டில் ஜெர்மனி 5-4.

கூடுதல் நேரத்தில் இன்னும் 22 நிமிடம் இருக்கும்போது இரண்டு கோல் முன்னிலை. அதை ஏன் காப்பாற்ற முடியவில்லை? இதுதான் என் கேள்வி.

வலது_விங்:

பதில் எளிது. 3-1 ஆனதும் பின்னால் போய் நின்றிருக்க வேண்டும், போகவில்லை. ஜிரெஸ் கோல் அடித்துவிட்டுக் கைகளை விரித்துக்கொண்டு ஓடுவதைப் பாருங்கள். இறுதிப் போட்டிக்கே போய்விட்டோம் என்ற முகம். அதற்குப் பிறகும் அதே போல எல்லோரும் முன்னால் ஏறுகிறார்கள். தற்காப்புக்குப் பேர்போன ஓர் இத்தாலிய அணி 98-வது நிமிடத்தில் 3-1 என்று இருந்திருந்தால் அந்த ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும்.

பிரான்ஸ் பயிற்சியாளர் மிஷேல் இதால்கோ நல்ல மனிதர், அழகான ஆட்டத்தை நம்பியவர், எல்லாம் சரி. ஆனால் அந்த 22 நிமிடத்துக்கு அழகு தேவையில்லை.

கார்னர்கொடி:

வலது_விங் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்த பிரான்ஸ் அணியைப் பின்னால் போய் நிற்கச் சொல்வது, அதற்குத் தெரியாத ஒரு வேலையைச் செய்யச் சொல்வது. பிளாட்டினி, ஜிரெஸ், டிகானா, ஜெங்கினி என்று நடுக்களத்தில் பந்தை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களாகப் பொறுக்கி எடுத்த அணி அது. ஜிரெஸ் உயரம் 1.63 மீட்டர். இவர்களைப் பெனால்டி பகுதிக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி வைத்து, ஜெர்மனியின் ஹ்ரூபெஷ் தலைக்குப் பக்கவாட்டிலிருந்து தூக்கிப்போடும் கிராஸ்களைத் தடுக்கச் சொல்ல முடியுமா?

பந்து தங்களிடம் இருக்கும் வரைதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. பந்தைக் கொடுத்துவிட்டால் பாதுகாப்பே இல்லை. அந்தத் தொடரில் அவர்கள் ஆடிய விதமே அதைக் காட்டும். முதல் ஆட்டத்தில் இங்கிலாந்திடம் 1-3 என்று தோற்றார்கள், முதல் கோல் விழுந்தது 27-வது வினாடியில். அப்புறம் நடுக்களம் பிடிபட்டதும் அதே அணி வட அயர்லாந்தை 4-1 என்று சாய்த்தது.

லிபரோ:

கார்னர்கொடி சொன்னதில் பாதி எனக்கு ஒப்புதல். பந்தை வைத்திருப்பதுதான் அவர்களுடைய தற்காப்பு. ஆனால் பந்தை வைத்திருக்கக் கால்கள் வேண்டுமே! 100-வது நிமிடத்தில் அந்தக் கால்கள் இல்லை. ஏன் இல்லை என்று பார்த்தால்தான் இந்த ஆட்டம் புரியும்.

முதல் காரணம் ஓய்வு. ஜெர்மனி இரண்டாம் சுற்றின் கடைசி ஆட்டத்தை ஸ்பெயினோடு ஜூலை 2-ல் முடித்துவிட்டது. பிரான்ஸ் வட அயர்லாந்தோடு ஆடியது ஜூலை 4-ல். மூன்று அணிகள் கொண்ட குழுக்கள் என்பதால் வந்த வேறுபாடு இது. செவில்யா இருக்கும் ஆண்டலூசியாவின் ஜூலை வெக்கையில் இரண்டு நாள் கூடுதல் ஓய்வு சின்ன விஷயம் அல்ல.

இரண்டாவது காரணம்தான் பெரியது, மாற்று ஆட்டக்காரர்கள். அப்போது ஓர் அணி இரண்டு பேரைத்தான் மாற்ற முடியும். இதால்கோ 50-வது நிமிடத்தில் ஜெங்கினியை எடுத்துவிட்டு பத்திஸ்தோனை இறக்கினார். பத்து நிமிடத்துக்குள் பத்திஸ்தோன் ஸ்ட்ரெச்சரில் வெளியே போனார், அவருக்குப் பதில் கிறிஸ்டியான் லோபேஸ் வந்தார். ஆக 60-வது நிமிடத்திலேயே பிரான்ஸின் இரண்டு மாற்றங்களும் தீர்ந்துவிட்டன. அதற்குப் பிறகு கூடுதல் நேரம் முடியும் வரை இன்னும் ஒரு மணி நேரம். யாருக்குத் தசை பிடித்தாலும், யார் மூச்சு வாங்க நின்றாலும், அவரே ஆடியாக வேண்டும்.

ஷூமாக்கர் செய்ததால் பிரான்ஸ் இழந்தது ஒரு பெனால்டியோ ஃப்ரீ கிக்கோ மட்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய இழப்பு அந்த ஒரு மாற்றம். தவறு செய்தவன் அணி முழுதாக நிற்கிறது, அடிபட்டவன் அணி தன் கணக்கிலிருந்து ஓர் ஆளைச் செலவழிக்கிறது. அந்த அநியாயம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நடுக்கோடு:

நான் மாவட்ட லீக்கில் நடுவராக நிற்பவன். அந்த மோதலைப் பற்றி நடுவர் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

பிளாட்டினி தூக்கிப்போட்ட பந்துக்கு பத்திஸ்தோன் தனியாக ஓடுகிறார். ஷூமாக்கர் வெளியே ஓடி வருகிறார். பத்திஸ்தோன் பந்தை முதலில் தொட்டுவிடுகிறார், பந்து கோலை விட்டு விலகிப் போகிறது. அதன் பிறகுதான் ஷூமாக்கர் எகிறி, உடலைத் திருப்பி, இடுப்பால் அவர் முகத்தில் மோதுகிறார். பற்கள் போயின, முதுகெலும்பில் அடி, நினைவு தப்பியது. பத்திஸ்தோன் இறந்துவிட்டார் என்றே ஒரு கணம் நினைத்ததாக பிளாட்டினி பின்னர் சொன்னார். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டே பிளாட்டினி நடந்து வரும் காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

நடுவர் நெதர்லாந்தின் சார்ல்ஸ் கோர்வர். அவர் கொடுத்தது கோல் கிக், அதாவது பந்து ஜெர்மனிக்கே. ஃபவுல் இல்லை, அட்டை இல்லை, ஒரு எச்சரிக்கைகூட இல்லை. தன் கண் பந்தின் பின்னால் போய்விட்டது என்று அவர் பின்னாளில் விளக்கம் சொன்னார். நடுவராக நின்றவர்களுக்கு இது புரியும். ஷாட் அடிபட்டவுடன் கண் தானாகவே கோலை நோக்கிப் போகும். இப்போது பயிற்சியில் அதைத்தான் மாற்றச் சொல்கிறார்கள். பந்து போகட்டும், அடித்தவர் மேல் ஒரு விநாடி கண்ணை வை என்று. தாமதமாக வரும் ஆபத்தான மோதல்கள் எல்லாம் அந்த ஒரு விநாடியில்தான் நடக்கின்றன.

இன்னொரு தவறான புரிதலும் சுற்றுகிறது, அந்தக் காலத்தில் இதற்குச் சிவப்பு அட்டை கிடையாது என்று. உறுதியான கோல் வாய்ப்பைத் தடுத்தால் வெளியேற்றம் என்ற விதி பிறகு வந்தது உண்மை. ஆனால் வன்முறைக்கும் கடுமையான ஃபவுலுக்கும் வெளியேற்றம் அப்போதே விதிப்புத்தகத்தில் இருந்தது. பந்தும் ஆட்டத்தில்தான் இருந்தது. கோர்வர் பார்த்திருந்தால் வெளியேற்ற அவருக்கு முழு அதிகாரமும் இருந்தது.

இரவுஆட்டம்:

நடுக்கோடு சொன்னதையும் லிபரோ சொன்ன கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 60-வது நிமிடத்தில் ஷூமாக்கர் வெளியேற்றப்பட்டிருந்தால் ஜெர்மனி என்ன செய்திருக்கும்? மாற்று கோல்கீப்பரை இறக்க வேண்டும். அதற்காகக் களத்தில் இருக்கும் ஒருவரை வெளியே எடுக்க வேண்டும். பத்துப் பேர், கையில் மிச்சம் ஒரே ஒரு மாற்றம்.

உண்மையில் ஜெர்மன் பயிற்சியாளர் டெர்வால் என்ன செய்தார்? 73-ல் மகாத்துக்குப் பதில் ஹ்ரூபெஷ். 97-ல் பிரீகலுக்குப் பதில் ரூமெனிகெ. இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும். ரூமெனிகெ 3-2 கோலை அடித்தவர். ஹ்ரூபெஷ் 3-3 கோலுக்குத் தலையால் பந்தைத் திருப்பிக் கொடுத்தவர், கடைசிப் பெனால்டியையும் அடித்தவர். ஷூட்அவுட்டில் இரண்டைத் தடுத்தது ஷூமாக்கரேதான்.

ஆகவே ஷூமாக்கரை விட்டுவிட்டு இந்த ஆட்டத்தைப் பேச முடியாது, லிபரோ. நீங்கள் கேட்ட கேள்விக்கே விடை அவரிடம்தான் போய் முடிகிறது.

வலது_விங்:

நடக்காத ஒன்றை வைத்து எத்தனை தூரம் போவீர்கள்? 3-1 ஆன பிறகு நடந்தது கண்முன்னால் இருக்கிறது. அந்த நேரத்தில் களத்தில் பதினொருவருக்குப் பதினொருவர். கோல்கீப்பர் எத்தோரி, முன்னால் ட்ரெசோர், போசிஸ், ஜான்வியோன், அமோரோஸ், லோபேஸ் என்று ஐந்து தற்காப்பாளர்கள். அந்த ஐந்து பேரும் இடத்தை விட்டு நகராமல் நின்றிருந்தால் போதும். 102-வது நிமிடத்தில் லிட்பார்ஸ்கி கிராஸ் போடும்போது முன்கம்பத்தில் ரூமெனிகெயை விட்டுவிட்டார்கள். தசைநார்க் காயத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனிதர், களத்துக்கு வந்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. அவரைப் பிடிக்க ஓர் ஆள் இல்லை. இதற்கு ஷூமாக்கர் என்ன செய்வார்?

கார்னர்கொடி:

அந்த 102-வது நிமிடத்துக்குக் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். ஜெர்மனி அந்தத் தாக்குதலைத் தொடங்கும்போது நடுக்களத்தில் பிரெஞ்சு வீரர்கள் மேல் ஃபவுல் நடந்தது என்று பிரான்ஸ் தரப்பில் இன்றுவரை சொல்கிறார்கள். விசில் ஊதப்படவில்லை. பந்து தங்களுக்குத்தான் வரும் என்று பாதி அணி முன்னால் நின்றது. நீங்கள் சொல்லும் ஐந்து தற்காப்பாளர்களும் வரிசை சேர்வதற்குள் கிராஸ் வந்துவிட்டது.

சரி, அதை விடுவோம். எனக்கு வேறு ஒரு குறை. ஜெர்மனியைப் பற்றி நாம் யாரும் பேசவில்லை. பிரான்ஸ் எப்படிக் கோட்டை விட்டது என்றே பேசிக்கொண்டிருக்கிறோம்.

தூரத்துஷாட்:

கார்னர்கொடி எடுத்ததைத்தான் நானும் எழுத வந்தேன்.

அந்த ஜெர்மன் அணி மேல் எல்லோருக்கும் கோபம் இருந்தது, காரணத்தோடுதான். முதல் ஆட்டத்தில் அல்ஜீரியாவிடம் 1-2 என்று தோற்றார்கள். அப்புறம் ஜூன் 25-ல் ஹிஹோன் நகரில் ஆஸ்திரியாவோடு அந்த வெட்கக்கேடு. 10-வது நிமிடத்தில் ஹ்ரூபெஷ் கோல் அடித்ததும் இரண்டு அணிகளும் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டு நின்று, அல்ஜீரியாவை வெளியே அனுப்பிவிட்டு இருவரும் அடுத்த சுற்றுக்குப் போனார்கள். அதன் பிறகுதான் குழுவின் கடைசி ஆட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்று ஃபிஃபா மாற்றியது. செவில்யாவுக்கு வரும்போது நடுநிலை ரசிகர்கள் யாரும் ஜெர்மனி பக்கம் இல்லை.

இதையெல்லாம் ஒத்துக்கொண்டே சொல்கிறேன், 98-லிருந்து 108 வரை ஜெர்மனி ஆடிய பத்து நிமிடம் மகத்தானது. இரண்டு கோல் பின்னால், கூடுதல் நேரம், வெக்கை. ஒருவர்கூடத் தலையைத் தொங்கப்போடவில்லை. ட்ரெசோர் அடித்த 2-1 கோலுக்கும் ஜிரெஸ் அடித்த 3-1 கோலுக்கும் நடுவில்தான் டெர்வால் ரூமெனிகெயை இறக்கினார். முழு உடல்தகுதி இல்லாத தலைவனை அரையிறுதியின் கூடுதல் நேரத்தில் களத்துக்கு அனுப்புவது துணிச்சலான முடிவு. வேறு எவரையாவது அனுப்பியிருந்தால் 3-1 ஆனதும் மைதானமே அவர்மேல் விழுந்திருக்கும். ரூமெனிகெ வந்ததும் பிரெஞ்சுத் தற்காப்பு ஓரடி பின்வாங்கியதைப் பார்க்கலாம்.

அந்த 108-வது நிமிடக் கோல்! லிட்பார்ஸ்கி கிராஸ் தூரக் கம்பம் வரை போகிறது. ஹ்ரூபெஷ் எகிறித் தலையால் கோல் முன்னால் திருப்பிப் போடுகிறார். ஃபிஷர் கோலுக்கு முதுகு காட்டி நிற்கிறார். அப்படியே பின்னால் சாய்ந்து பைசிக்கிள் கிக். தொடரே முடியும் நிலையில் இப்படி ஓர் உதை உதைக்கத் தோன்றுவதற்கு என்ன மாதிரியான மனது வேண்டும்? லிட்பார்ஸ்கிக்கு அப்போது 22 வயது. முதல் கோல் அவருடையது, அடுத்த இரண்டுக்கும் கிராஸ் அவருடையது. அந்த ஆட்டத்தின் சிறந்த ஜெர்மானியர் அவர்தான், ஷூமாக்கர் பேச்சில் அவர் பெயர் மூழ்கிப்போனது பெரிய அநியாயம்.

நடுக்கோடு:

லிட்பார்ஸ்கி பற்றி ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஷூட்அவுட்டில் ஸ்டீலிகெயின் உதையை எத்தோரி தடுத்தார். ஸ்டீலிகெ அங்கேயே மண்டியிட்டு நொறுங்கிப்போனார். லிட்பார்ஸ்கி போய் அவரைத் தேற்றினார். தொலைக்காட்சி கேமரா அவர்கள் இருவரையே காட்டிக்கொண்டிருந்ததில் திதியே சிஸ் அடித்த உதை நேரலையில் தெரியவே இல்லை. ஷூமாக்கர் அதைத் தடுத்துவிட்டார் என்பது லிட்பார்ஸ்கி துள்ளியதிலிருந்துதான் பார்த்தவர்களுக்குப் புரிந்தது. அடுத்து அவரே நடந்து வந்து தன் பெனால்டியை அடித்தார்.

வரிசை: பிரான்ஸுக்கு ஜிரெஸ், அமோரோஸ், ரோஷ்தோ அடித்தார்கள், சிஸ் தவறவிட்டார், பிளாட்டினி அடித்தார். ஜெர்மனிக்கு கால்ட்ஸ், பிரைட்னர் அடித்தார்கள், ஸ்டீலிகெ தவறவிட்டார், லிட்பார்ஸ்கி, ரூமெனிகெ அடித்தார்கள். ஐந்துக்கு ஐந்து முடிந்து 4-4. ஆறாவதாக போசிஸ், ஷூமாக்கர் தடுத்தார். ஹ்ரூபெஷ் முடித்தார்.

இரவுஆட்டம்:

போசிஸ் ஒரு தற்காப்பாளர், 120 நிமிடமும் ஓடியவர். சிஸ்ஸும் முழு ஆட்டமும் ஆடியவர். அந்த வரிசையில் புதுக்கால் என்று ஒன்றுகூட இல்லை. ஜெர்மனியின் கடைசி இரண்டு உதைகளையும் அடித்தது யார்? ரூமெனிகெ, ஹ்ரூபெஷ். இருவரும் மாற்று ஆட்டக்காரர்கள். லிபரோ சொன்ன கணக்கு ஷூட்அவுட் வரைக்கும் வருகிறது.

லிபரோ:

இதைத்தான் இரவுஆட்டம், நான் தேடிக்கொண்டிருந்தேன். ஷூமாக்கர் பெயரைச் சொல்லிவிட்டுக் கோபப்படுவதோடு பேச்சு நின்றுவிடக் கூடாது. அந்த மோதல் எந்த வழியாக ஸ்கோரை மாற்றியது என்று பார்க்க வேண்டும். அது மாற்று ஆட்டக்காரர்கள் வழியாக மாற்றியது.

மாற்றங்களின் எண்ணிக்கை இந்த நாற்பது ஆண்டுகளில் எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். 1990-களில் மூன்று ஆனது. 2018 உலகக் கோப்பையில் கூடுதல் நேரத்துக்கு என்று ஒன்று தனியாகக் கொடுத்தார்கள். 2020-லிருந்து ஐந்து. தலையில் அடிபட்டவரை எடுத்தால் அது கணக்கில் சேராது என்ற ஏற்பாடும் வந்துவிட்டது. செவில்யாவில் அது மட்டும் இருந்திருந்தால், லோபேஸ் வந்தது இதால்கோவின் கணக்கில் ஏறியிருக்காது. 3-1 ஆனதும் ஒரு புதிய ஆளை நடுக்களத்தில் விட்டிருக்கலாம்.

வலது_விங், நீங்கள் இத்தாலியைச் சொன்னீர்கள். அதே நாளில் அவர்கள் பார்சலோனாவில் போலந்தை 2-0 என்று தொண்ணூறு நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனார்கள். மூன்று நாள் கழித்து மாட்ரிட்டில் இறுதிப் போட்டி. 120 நிமிடம் ஆடிவிட்டு வந்த ஜெர்மனி இரண்டாம் பாதியில் கால் ஓய்ந்து 1-3 என்று தோற்றது. செவில்யாவின் களைப்பு ஜெர்மனியையும் விடவில்லை.

வலது_விங்:

களைப்பு இருந்தது, மாற்றம் இல்லை, எல்லாம் சரி. களைத்த அணிதானே முதலில் பின்னால் போய் நிற்க வேண்டும்? என் வாதம் அப்படியே நிற்கிறது. 90-வது நிமிடத்தில் அமோரோஸ் தூரத்திலிருந்து அடித்தது குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியதே, அது உள்ளே போயிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. அதிர்ஷ்டம் இல்லாத நாளில் எச்சரிக்கை கூடுதலாக இருக்க வேண்டும்.

பிறகு ஷூமாக்கரை அரக்கன் ஆக்கியதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. மோதலை விட அதற்குப் பிறகு அவர் நடந்துகொண்ட விதம்தான் பிரெஞ்சுக்காரர்களை எரித்தது. பத்திஸ்தோன் அசைவில்லாமல் கிடக்கும்போது கிட்டே போகாமல், கோல் கிக் எடுக்கக் காத்து நின்றார். ஆட்டம் முடிந்து பற்கள் போன செய்தியைச் சொன்னபோது, அவ்வளவுதான் என்றால் பல் கட்டும் செலவைத் தருகிறேன் என்ற பொருளில் பேசினார். பிரான்ஸில் கொதித்துப்போனார்கள். ஜெர்மன் சான்சலர் ஷ்மிட்டும் பிரெஞ்சு அதிபர் மித்தெரானும் கூட்டாக அறிக்கை விட வேண்டிய அளவுக்கு விஷயம் போனது. அதன் பிறகு ஷூமாக்கர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார், பத்திஸ்தோன் ஏற்றுக்கொண்டார். அடிபட்டவரே மன்னித்த பிறகு நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

நடுக்கோடு:

பத்திஸ்தோன் மன்னித்தது அவருடைய பெருந்தன்மை. அதனால் அந்த முடிவு சரியாகிவிடாது. 1986-ல் குவாதலஹாராவில் இதே இரண்டு அணிகள் மறுபடியும் அரையிறுதியில் சந்தித்தபோது பத்திஸ்தோனும் ஆடினார், ஷூமாக்கரும் ஆடினார். ஜெர்மனி 2-0. முறையாக, தெளிவாக வென்றார்கள். அதைப் பற்றி யாராவது கோபப்படுகிறார்களா? இல்லை. தோல்வி யாரையும் இத்தனை ஆண்டு வலிக்கச் செய்யாது.

தூரத்துஷாட்:

பிரான்ஸ் ஜெர்மனியைப் பெரிய தொடரில் ஜெயிக்க 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யூரோ (ஐரோப்பியக் கோப்பை) அரையிறுதி, மார்செய், கிரீஸ்மன் இரண்டு கோல். அதற்கு முன்னால் 1958 உலகக் கோப்பையின் மூன்றாம் இட ஆட்டம்தான், 6-3, ஃபோன்தேன் தனியாக நான்கு.

கார்னர்கொடி:

மார்செய் என்றதும் வலது_விங்குக்குச் சொல்ல வேண்டியது நினைவுக்கு வருகிறது. 1984 யூரோ அரையிறுதி, ஜூன் 23, அதே ஊர். பிரான்ஸ் – போர்ச்சுகல். மறுபடியும் 1-1, மறுபடியும் கூடுதல் நேரம். 98-வது நிமிடத்தில் ஜோர்தாவ் அடித்து பிரான்ஸ் 1-2 என்று பின்னால். பயிற்சியாளர் அதே இதால்கோ. செவில்யாவில் ஆடியவர்களில் பிளாட்டினி, ஜிரெஸ், டிகானா, போசிஸ் எல்லோரும் களத்தில்.

அவர்களுடைய ஆட்டத்தை இதால்கோ மாற்றவில்லை. எல்லோரும் முன்னால் ஏறினார்கள். 114-ல் டொமெர்க் சமன் செய்தார். அமோரோஸுக்குத் தடை இருந்ததால் அவர் இடத்தில் வந்த தற்காப்பாளர் டொமெர்க், அன்று இரண்டு கோல் அடித்தார். 119-வது நிமிடத்தில் டிகானா வலது பக்கமாகக் கடைசிக் கோடு வரை ஓடிப் பந்தை உள்ளே தள்ள, பிளாட்டினி அடித்து 3-2. நான்கு நாள் கழித்து பாரிஸில் ஸ்பெயினை 2-0 என்று வென்று கோப்பையையும் எடுத்தார்கள்.

செவில்யாவில் இதே துணிச்சலைத்தான் நீங்கள் குறை சொல்கிறீர்கள்.

வலது_விங்:

பின்னால் இருக்கும்போது ஏறுவதும் இரண்டு கோல் முன்னால் இருக்கும்போது ஏறுவதும் ஒன்றா? மார்செய்யில் ஏறியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. அத்தோடு 1984-ல் இதால்கோ எதையும் மாற்றவில்லை என்பதும் முழு உண்மை அல்ல. நடுக்களத்தில் லூயி ஃபெர்னாண்டஸ் வந்துவிட்டார், பந்தைப் பறிக்கத் தெரிந்தவர். கோலில் எத்தோரி இல்லை, ஜோயல் பாத்ஸ். செவில்யாவில் எது குறைவாக இருந்தது என்று இதால்கோவுக்கே தெரிந்திருந்தது, அதனால்தான் ஃபெர்னாண்டஸைக் கொண்டுவந்தார்.

லிபரோ:

ஃபெர்னாண்டஸ் பற்றிச் சொன்னது வலுவான வாதம், அதைத் தனியாகப் பேச வேண்டும். செவில்யாவில் அந்த வேலையை டிகானா ஒருவரே இழுத்துக்கொண்டிருந்தார். 3-1 ஆன பிறகு வரும் நிமிடங்களில் டிகானா எங்கே நிற்கிறார், பந்து போனதும் எத்தனை தூரம் திரும்பி ஓடுகிறார் என்பதை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதுகிறேன். கார்னர்கொடி, முடிந்தால் நீங்கள் பிளாட்டினியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கார்னர்கொடி:

எடுத்துக்கொள்கிறேன். 98 முதல் 108 வரை போதும்தானே?

லிபரோ:

92-லிருந்து எடுங்கள். ட்ரெசோர் வாலி (பந்து தரையைத் தொடுமுன் அடிக்கும் உதை) அடித்தபோது பெனால்டி பகுதிக்குள் எத்தனை பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும்.